தூங்க வைக்க நிப்பிள்: கொடுப்பது முதல் நிறுத்துவது வரை முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியிலும் கடலூரிலும் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நிப்பிளைப் பற்றி இரண்டு கட்சி இருக்கும். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் நர்ஸ், "பாட்டில், நிப்பிள் எதுவும் வாயில வைக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருப்பார். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த சித்தியோ, குழந்தையைப் பார்க்க வரும்போதே மூடி போட்ட டப்பாவில் நாலு நிப்பிளைக் கொண்டுவந்து கொடுத்து, "அங்கல்லாம் இதை வாயில வெச்சாத்தான் பசங்க தூங்கும்" என்பார். நடுவில் பெற்றவள் முழிப்பாள்.

இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை. நர்ஸின் கவலை முதல் மாதத் தாய்ப்பால். சித்தி பேசுவது அதற்குப் பிறகு வரும் ராத்திரிகளைப் பற்றி. நிப்பிளுக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு, அது தூக்கம் பிடிக்கிற அந்தச் சில நிமிடங்கள். அந்த எல்லையை ஆரம்பத்திலிருந்தே காத்தால், பிற்பாடு நிறுத்துவது சுலபம். பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் சமையல்கட்டிலும் எந்நேரமும் வாயில் இருக்கிற பழக்கமானால், இரண்டு வயதில் வீடே அல்லாடும்.

நான் இங்கே சொல்வது பால் பாட்டிலின் நிப்பிள் இல்லை. சும்மா சப்புவதற்கென்றே தட்டும் வளையமுமாகத் தனியாக விற்கும் பேசிஃபையரைத்தான் சொல்கிறேன். குறைமாதக் குழந்தை, எடை சரியாக ஏறாத குழந்தை, அண்ணப்பிளவு உள்ள குழந்தை என்றால் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. இந்த வழிகாட்டி நல்லபடியாக வளர்ந்துவரும் குழந்தைகளுக்கு.

குழந்தை ஏன் சப்புகிறது

வயிற்றில் இருக்கும்போதே குழந்தை விரல் சப்பும். ஸ்கேனில் பலர் பார்த்திருப்பீர்கள். உறிஞ்சும் அனிச்சைச் செயல் கர்ப்பத்தின் 32ஆவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, 36ஆவது வாரவாக்கில் முதிர்கிறது. பசி அடங்கிய பிறகும் சப்புவது குழந்தைக்கு அமைதி தரும், வலியையும் மறக்கடிக்கும். ஒன்றரை மாத ஊசி போடும்போது மார்பில் வைத்துப் பால் கொடுக்கச் சொல்வது அதனால்தான். ஆகவே நிப்பிள் கேட்பது கெட்ட பழக்கமோ, அடமோ இல்லை. அது உடம்போடு பிறந்த தேவை. வயது ஏற ஏற அந்தத் தேவை தானாகவே குறையும்.

முதல் படி: பால் நிலைப்படும் வரை பொறுங்கள்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு முதல் மூன்று நான்கு வாரம் நிப்பிள் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் தாய்ப்பாலுக்காகப் பத்துப் படிகளை வகுத்தபோது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் செயற்கைக் காம்போ நிப்பிளோ கொடுக்கக் கூடாது என்று ஒன்பதாவது படியிலேயே சொன்னார்கள். 2018இல் அதைத் திருத்தி, பாட்டில், நிப்பிள் இவற்றின் பயன்பாட்டையும் ஆபத்தையும் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மாற்றினார்கள். தடை தளர்ந்ததே தவிர, காரணம் மாறவில்லை.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். எத்தனை தடவை உறிஞ்சுகிறதோ அதைப் பொறுத்தே தாய்க்குப் பால் ஊறும். குழந்தை உதட்டைச் சப்புக் கொட்டுவதும், தலையை இங்கும் அங்கும் திருப்பித் தேடுவதும், கையை வாய்க்குக் கொண்டுபோவதும் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை கடைசியாகத்தான் வரும். அந்த முதல் அடையாளத்தைப் பார்த்து யாராவது நிப்பிளை வைத்துவிட்டால் குழந்தை அடங்கிவிடும், ஒரு வேளைப் பால் போய்விடும். நாலு நாள் இப்படிப் போனால் தாய்க்குப் பால் குறையும். அப்புறம் "பால் பத்தல, பவுடர் வாங்கிட்டு வாங்க" என்று பேச்சு தொடங்கும்.

பால் நிலைப்பட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காம்பில் வலியில்லாமல் குழந்தை நன்றாகப் பற்றிக் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். பிறந்தவுடன் இறங்கிய எடை இரண்டு வாரவாக்கில் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்த்துக்கொள்ளுங்கள். இது மூன்றும் சரியென்றால் நிப்பிளைப் பற்றி யோசிக்கலாம். பவுடர் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

நாக்கால் தள்ளித் துப்புகிற குழந்தைக்குக் கட்டாயப்படுத்தி வைக்காதீர்கள். நிப்பிளே இல்லாமல் வளர்ந்த குழந்தைகள்தான் நம் ஊரில் அதிகம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் விதவிதமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கலரைப் பார்க்காதீர்கள். சப்பும் பகுதியும் தட்டும் ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக வார்த்ததா என்று பாருங்கள். ஒட்டியது என்றால் என்றைக்காவது கழன்று தொண்டையில் சிக்கும். தட்டு குழந்தையின் வாயைவிட அகலமாக, ஒன்றரை அங்குலத்துக்கு, அதாவது 38 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காற்றுப் போக ஓட்டைகள் இருக்க வேண்டும். கல் ஒட்டியது, மணி கட்டியது எதுவும் வேண்டாம். அட்டையில் வயது போட்டிருக்கும். ஆறு மாதம் வரைக்கும் ஒரு அளவு, அதற்கு மேல் ஒரு அளவு.

மஞ்சளாக இருப்பது லேடெக்ஸ் ரப்பர், கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பது சிலிக்கான். நம் ஊர் வெயிலுக்கும் அடிக்கடி கொதிக்க வைப்பதற்கும் லேடெக்ஸ் சீக்கிரம் பிசுபிசுக்கும், வெடிக்கும். சிலிக்கானே நல்லது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் உறை இல்லாமல் குவித்து விற்பதை இதற்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு நாளும் வாயில் வைப்பதற்கு முன் ஒரு சோதனை: தட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, சப்பும் முனையை வலது கையால் பிடித்து நாலு பக்கமும் இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கோடுபோல வெடிப்பு, பல் பட்ட கிழிசல், வெளுப்பு, ஒட்டும் தன்மை ஏதாவது தெரிந்தால் அப்போதே குப்பையில் போடுங்கள். நன்றாக இருந்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றை வைத்திருக்க வேண்டாம்.

சுத்தம்

ஆறு மாதம் வரை தினமும் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டெடுங்கள். அதற்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தைத் தனியாக வையுங்கள். எடுத்ததும் முனையைப் பிதுக்கினால் உள்ளே புகுந்த வெந்நீர் வெளியே வரும். அதைச் செய்யாமல் வாயில் வைத்தால் சுட்டுவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு சோப்பும் வெந்நீரும் போதும்.

நம் கடற்கரைப் பக்கத்தில் ஈரம் காய்வதே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் துணியே மூன்று நாள் காயாது. ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். சுத்தமான துணியில் கவிழ்த்துக் காயவைத்த பிறகே மூடுங்கள். குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை பயன்படுத்திய நிப்பிளைத் தூக்கி எறியுங்கள்.

சில்வர் பீச்சில் மணலில் விழுந்ததை எடுத்து, தன் வாயில் வைத்துச் சப்பித் துப்பிவிட்டுக் குழந்தைக்குக் கொடுக்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் பெரியவர்கள் வாயில் இருக்கும் சொத்தைப் பல் கிருமி அந்த எச்சில் வழியே குழந்தைக்குப் போய்ச் சேரும். வெளியே போனால் இன்னொன்றை டப்பாவில் எடுத்துப் போங்கள்.

இரண்டாம் படி: ராத்திரி கொடுக்கும் முறை

நிப்பிளைத் தூக்கத்தோடு சேர்த்துப் பேசுவதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோவது உலகமெங்கும் நடக்கிறது. இரண்டு முதல் நான்கு மாத வயதில் இது அதிகம், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். நிப்பிளோடு தூங்கப்போகும் குழந்தைகளிடம் இந்த ஆபத்து குறைவு என்று பல ஆய்வுகளில் தெரிந்ததால், அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2005இல் தூங்கும் நேரத்தில் நிப்பிள் கொடுக்கப் பரிந்துரைத்தது. 2022இல் வெளியிட்ட அறிக்கையிலும் அதைத் தொடர்ந்தது. தூங்கிய பிறகு நிப்பிள் விழுந்துவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் நிப்பிள் ஒன்றே போதாது. மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் முதல் பாதுகாப்பு. தட்டையான, அழுத்தினால் அமுங்காத படுக்கை வேண்டும். தலையணை, பஞ்சுப் பொம்மை, கனத்த போர்வை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. யாரும் வீட்டுக்குள் புகை பிடிக்கக் கூடாது. பகலில் புடவை ஏணையில் போடுவது நம் வழக்கம். அதில் தலை முன்னால் மடங்கி, தாடை நெஞ்சில் இடிக்கும்படி குழந்தை சரியும். ஆகவே ஏணையில் இருக்கும்போது கண்ணெதிரே ஆள் இருக்க வேண்டும். தூங்கியதும் எடுத்துப் பாயிலோ தொட்டில் கட்டிலிலோ மல்லாக்கப் போடுங்கள். ராத்திரி முழுக்க ஏணையில் விடாதீர்கள்.

இனி வரிசை. இது முக்கியம், ஏனென்றால் பிறகு நிறுத்தும்போது இந்த வரிசைதான் உங்களைக் காப்பாற்றும். சாயங்காலம் உடம்பைத் துடைத்து அல்லது குளிப்பாட்டி, மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். விளக்கைக் குறையுங்கள். டிவியை நிறுத்துங்கள். வயிறு நிறையப் பால். தோளில் போட்டு ஏப்பம். பிறகு தினமும் ஒரே பாட்டு, கையால் ஒரே மாதிரித் தட்டிக்கொடுப்பது. ஆராரோ எல்லா வீட்டிலும் உண்டு, குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று குழந்தை எதிர்பார்ப்பதில்லை. கண் செருகும் நேரத்தில், அதாவது எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் நிப்பிள். அழுத உடனே எடுத்து வைத்தால் நிப்பிள் ஒன்றே தூக்கத்துக்கு வழி என்று குழந்தை கற்றுக்கொள்ளும். கடைசியில் வந்தால் பாட்டு, தட்டல், இருட்டு, அம்மாவின் வாசனை எல்லாம் சேர்ந்து தூக்கத்தைக் கொண்டுவரும். பின்னால் நிப்பிள் போனாலும் மற்றவை மிச்சம் இருக்கும்.

தூக்கத்தில் விழுந்துவிட்டால் எடுத்துத் திரும்ப வைக்காதீர்கள். குழந்தைகள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாக விழித்துப் புரளும். அந்த நேரமெல்லாம் யாராவது ஓடிப்போய் நிப்பிளை வைத்தால், நான்காம் மாதத்தில் அது ராத்திரி முழுக்க நடக்கும் வேலையாகிவிடும். சிணுங்கினால் கொஞ்சம் பொறுத்து, நெஞ்சில் கையை வைத்துத் தட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பசியா, ஈரமா, கொசுவா என்று பாருங்கள். நிப்பிள் அதற்கெல்லாம் பிறகு.

நிப்பிளைக் கயிற்றிலோ சங்கிலியிலோ கோத்துக் கழுத்தில் போடுவது, அரைஞாண் கயிற்றில் முடிவது, சட்டையில் பின் குத்தித் தொங்கவிடுவது எல்லாம் உயிருக்கு ஆபத்து. தூக்கத்தில் புரளும்போது கயிறு கழுத்தை இறுக்கும். பொம்மை கோத்த நிப்பிளும் படுக்கையில் வேண்டாம்.

தேன், சர்க்கரை, கிரைப் வாட்டர்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்ததும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அதே கையோடு நிப்பிளையும் தேனில் தொட்டுக் கொடுப்பார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பாட்டுலிசம் என்பது அந்த நோய். மலச்சிக்கல், சப்ப முடியாமை, துவண்ட கழுத்து என்று தொடங்கி மூச்சுத் தசைகளே செயலிழக்கும். 2018இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தேன் நிரப்பிய நிப்பிளைச் சப்பிய நான்கு குழந்தைகள் இந்த நோயால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உள்ளே தேனோ பாகோ நிரப்பிய நிப்பிளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சர்க்கரைத் தண்ணீரும் கிரைப் வாட்டரும் தொட்டு வைக்க வேண்டாம். முளைக்கிற பல் சொத்தையாகும், பால் குடிப்பதும் குறையும்.

மூன்றாம் படி: ஆறாம் மாதத்திலிருந்து பகலில் எடுங்கள்

ஆறு மாதத்துக்கு மேல் நிப்பிளை அதிகம் சப்பும் குழந்தைகளுக்கு நடுக்காதுத் தொற்று கூடுதலாக வருகிறது. குழந்தை சளியோடு காதைப் பிடித்து இழுப்பதும், படுத்தால் வீறிடுவதும், காய்ச்சலும் அதன் அடையாளங்கள். அதனால் இந்த வயதிலிருந்து தூங்கும் நேரத்துக்கு மட்டும் என்று சுருக்குவது நல்லது. இதே வயதில்தான் "பா பா", "மா மா" என்று மழலை தொடங்கும். வாய் அடைத்திருந்தால் எப்படிப் பேசும்?

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இங்கே ஒரு சிக்கல். தனியார் வேலையில் பிரசவ லீவு 26 வாரம் வரை. அதாவது நிப்பிளைச் சுருக்க வேண்டிய அதே ஆறாம் மாதத்தில் நீங்கள் வேலைக்குத் திரும்புவீர்கள், குழந்தை ஆயாவிடமோ அத்தையிடமோ இருக்கும். அழுகிற பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு சமையலும் பார்க்கிறவர்களுக்கு நிப்பிள் பெரிய துணை. அவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே சுருக்கத் தொடங்குங்கள். கையில் கொடுக்க வேறு பொருள் தயாராக இருக்கட்டும். கழுவிய மரக்கரண்டி, சில்வர் டம்ளர், பல் முளைக்கும்போது கடிக்கும் ரப்பர் வளையம் எதுவானாலும் சரி. வாயில் அடங்காத அளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விதியை வீட்டில் எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள்: நிப்பிள் பாயைவிட்டு வெளியே வரக் கூடாது. தூங்கி எழுந்ததும் குழந்தையைத் தூக்குவதற்கு முன் நிப்பிளை எடுத்து டப்பாவில் போட்டு, குழந்தை கண்ணில் படாத அலமாரியில் வைத்துவிட வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகும்போது அழுதால் பாலைக் கொடுங்கள், ஜன்னலில் மாட்டைக் காட்டுங்கள். பஸ்ஸில் ஒருமுறை வெளியே வந்த நிப்பிள் அப்புறம் கல்யாணத்துக்கும் வரும், கோயிலுக்கும் வரும்.

எந்த வயதில் நிறுத்துவது

முதல் பிறந்த நாள் வரை தூக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும். திடீர் மரண ஆபத்து ஒரு வயதோடு பெரும்பாலும் போய்விடும், அதனால் அதற்குப் பிறகு நிப்பிளால் பெரிய லாபமில்லை. ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில் நிறுத்தி முடிப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒன்றரை வயதுக்கு மேல் குழந்தைக்குப் பிடிவாதமும் ஞாபகமும் வளரும், வீடு முழுக்கத் தேடி எடுக்கக் காலும் இருக்கும். அந்த வயதுக்கு மேல் நீடித்தால் பற்களும் மேலண்ணமும் மாறத் தொடங்கலாம். மூன்று வயதைத் தாண்டினால் முன் பற்கள் மேலும் கீழும் சேராமல் நடுவில் இடைவெளி விழுவதும், மேல்தாடை குறுகிக் கடைவாய்ப் பற்கள் மாறிக் கடிப்பதும் அதிகம். இரண்டு மூன்று வயதுக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த மாற்றம் தானாகவே சரியாகும். ஆகவே இரண்டு வயதாகியும் நிறுத்தாதவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தைவிடக் குழந்தையின் நிலைமையைப் பாருங்கள். காய்ச்சல், சளி, கடைவாய்ப் பல் முளைக்கும் நேரம், தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போகிற வாரம், தம்பியோ தங்கையோ பிறந்த மாதம், திருவந்திபுரத்தில் மொட்டை அடித்துக் காது குத்திய கையோடு, இதெல்லாம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையும் எனக்குச் சரியாகப் படவில்லை. 2024இல் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது இருந்ததுபோலக் கரண்டும் இல்லாமல், தண்ணீரும் சூழ்ந்து, கொசுவோடு ஒரு ராத்திரியைக் கழிக்கும்போது, குழந்தைக்குத் தெரிந்த ஆறுதலையும் பிடுங்கக் கூடாது. தை, மாசி வந்தால் ராத்திரி இதமாக இருக்கும், தூக்கமும் நன்றாகப் பிடிக்கும்.

நான்காம் படி: ஒரு வயதுக் குழந்தைக்கு மெதுவாக

முதலில் விரல் வித்தை. வழக்கம்போல எல்லாம் முடித்து நிப்பிளைக் கொடுங்கள். முதலில் வேகமாகச் சப்பும், பிறகு நிறுத்தி நிறுத்திச் சப்பும், அப்புறம் உதடு சும்மா அசையும். அந்த மூன்றாவது கட்டத்தில், இன்னும் முழுசாகத் தூங்காதபோது, சுத்தமான சுண்டுவிரலை உதட்டோரத்தில் மெல்ல விட்டால் பிடி தளரும், நிப்பிளை எடுத்துவிடலாம். உடனே தாடைக்குக் கீழே ஒரு விரலை லேசாக வைத்து வாய் மூடியிருக்கப் பிடித்துக்கொள்ளுங்கள். வாய் தேடினால் கொஞ்சம் பொறுங்கள். விடாமல் தேடி அழுதால் திரும்பக் கொடுத்து, சப்பல் குறைந்ததும் மறுபடி எடுங்கள். முதல் ராத்திரி இப்படிப் பல தடவை ஆகும். நாளாக ஆக, இன்னும் விழிப்பாக இருக்கும்போதே எடுக்க முடியும். கடைசியில் ஒரு ராத்திரி கேட்காமலே தூங்கும்.

ராத்திரிக்குப் பழகிய பிறகு பகல் தூக்கத்துக்கு வாருங்கள். ராத்திரி அலுப்பு அதிகம், அதனால் முதலில் அங்கே தொடங்குவது சுலபம். பகலில் தூக்கம் இல்லாமல் போனாலும் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டு, சாயங்காலம் சீக்கிரமே படுக்க வையுங்கள்.

நிப்பிள் போன இடத்தில் வேறொன்று வேண்டும். ஒரு வயதுக்கு மேல், அம்மாவின் பழைய புடவையிலிருந்து கைக்குட்டை அளவு கிழித்த மெல்லிய துண்டு போதும், நீளமாக இருக்கக் கூடாது. சில குழந்தைகள் அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கும். அதற்கும் இடம் கொடுங்கள். ஆனால் பால் பாட்டிலை வாயில் வைத்துப் படுக்கவிடாதீர்கள். ராத்திரி முழுக்கப் பால் பல்லில் தங்கினால் முன் பற்கள் சொத்தையாகிக் கறுத்துவிடும். செல்போனையும் காட்டாதீர்கள், ஒன்றை நிறுத்தி அதைவிடப் பெரிய ஒன்றைப் பழக்கியதாகிவிடும். தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறவர்கள் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: ஒன்றரை வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரேயடியாக

இந்த வயதில் குழந்தைக்குச் சொன்னால் புரியும். ஒரு நாலு நாள் முன்பிருந்தே சொல்லத் தொடங்குங்கள்: "வெள்ளிக்கிழமையோட நிப்பிள் முடிஞ்சிடும். அப்புறம் பாட்டு, கதை, அம்மா கை." காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது, பூச்சாண்டி பிடுங்கிக்கொண்டான் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தூங்கப்போகும் நேரத்தில் பயத்தைப் புகுத்துவது எனக்குப் பிடிக்காது. இருட்டில் காக்காவையும் பூச்சாண்டியையும் நினைத்துக் குழந்தை இன்னும் விழிக்கும். "பழசாயிடுச்சு, கிழிஞ்சிடுச்சு, குப்பைல போட்டுட்டோம்" என்பது உண்மை, அதுவே போதும். குழந்தையே தன் கையால் குப்பையில் போட்டால் இன்னும் நல்லது.

போடுவதென்றால் எல்லாவற்றையும் போட வேண்டும். கைப்பை, ஸ்கூட்டி டிக்கி, தாய்வீட்டு அலமாரி, மெத்தைக்கு அடியில் எல்லாம் தேடுங்கள். ஒன்று மிச்சமிருந்தால் மூன்றாம் நாள் ராத்திரி நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள். அப்படிக் கொடுத்தால், நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும் என்று குழந்தை தெரிந்துகொள்ளும், அடுத்த தடவை இரண்டு மடங்கு அழும்.

பொதுவாக முதல் இரண்டு மூன்று ராத்திரிதான் கஷ்டம். ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அழும்போது பக்கத்திலேயே இருங்கள். தூக்கி வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் கொடுக்கலாம், திண்ணைக்கோ மாடிக்கோ தூக்கிப்போய் நிலாவைக் காட்டலாம். திட்டுவது, அடிப்பது, "இவ்ளோ பெரிய பொண்ணு, வெக்கமா இல்ல?" என்று நாலு பேர் முன்னால் கேட்பது வேண்டவே வேண்டாம்.

இந்த ஒரு வாரமும் வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். தொடங்குவதற்கு முன் அத்தையிடம் உட்கார்ந்து பேசுங்கள். "அத்தை, இந்த ஒரு வாரம் புள்ள அழுதா நீங்கதான் தோள்ல போட்டுப் பாடணும், உங்க குரலுக்குத்தான் அடங்குது" என்று வேலையை அவர்கள் கையில் கொடுத்தால், நிப்பிளை ஒளித்துவைத்துக் கொடுக்க அவர்களுக்குத் தோன்றாது. ஷிப்ட் வேலைக்குப் போகும் அப்பாவும், ஒரு வாரம் பகல் ஷிப்ட் கிடைக்கும்படி பார்த்துத் தொடங்கினால் ராத்திரியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

நிப்பிளிலோ விரலிலோ வேப்பெண்ணெய் தடவச் சொல்லும் வழக்கம் உண்டு. கசப்பில் விட்டுவிடும் என்பார்கள். சின்னக் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் உள்ளே போய் வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, மூளை பாதித்து உயிர் போன சம்பவங்களே இந்தியாவிலும் மலேசியாவிலும் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. ஒரு சொட்டும் வேண்டாம். மிளகாய்த்தூள், வசம்பு அரைத்துப் பூசுவதும் வேண்டாம்.

நிப்பிளின் முனையைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் ருசி போய் விட்டுவிடும் என்றும் சொல்வார்கள். வெட்டிய இடத்திலிருந்து சிலிக்கான் பிய்ந்து மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். அதைச் செய்யவே கூடாது. நிப்பிள் துண்டோ வேறெதுவோ சிக்கிக் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

திரும்பக் கேட்டால், விரலுக்கு மாறினால்

நிறுத்தி ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வரும்போதோ, பக்கத்து வீட்டுக் குழந்தை வாயில் பார்த்தோ திரும்பக் கேட்கலாம். அது பழக்கம் திரும்பியதாக ஆகாது. மடியில் வைத்துப் பழைய பாட்டையே பாடுங்கள், புதிதாக வாங்காதீர்கள்.

சில குழந்தைகள் விரலுக்கு மாறும். விரலைக் குப்பையில் போட முடியாது என்பதால் பொறுமைதான் வழி. பெரும்பாலான குழந்தைகள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் தானாக விட்டுவிடும். தூங்கிய பிறகு விரலை மெல்ல எடுத்துவிடுங்கள், பகலில் இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள்.

மூன்று வயதாகியும் நிப்பிளோ விரலோ தொடர்ந்தாலும், பல்லைக் கடிக்கச் சொல்லிப் பார்க்கும்போது முன் பற்கள் சேராமல் நாக்கு தெரிந்தாலும், குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி கோரிமேடு இந்திரா நகரில் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனமும், கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று இருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. போகும்போது எந்த வயதில் தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வாயில் இருக்கிறது, தூங்கிய பிறகும் சப்புகிறதா, வாயைத் திறந்துகொண்டே மூச்சு விடுகிறதா, குறட்டை உண்டா என்று நாலைந்து ராத்திரி கவனித்து எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.